நஸீம் பாய்மரக் கழகம் காப்பாற்றிய முதல் ஆள்

நாலு பேர் சேர்ந்து ஒரே மாதிரித் தொப்பி போட ஆரம்பித்தால் அந்தத் தெருப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. நஸீம் பாய்மரக் கழகத்தில் கழகமே போட்டிருந்தது. வெள்ளைத் தொப்பி, முன்னால் தங்க நூலில் ஒரு நங்கூரம். நங்கூரம் என்பது படகை நகரவிடாமல் நிறுத்துகிற சாமான். அதைப் போய் நெற்றியில் தைத்துக்கொண்டவர்களைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற தஸூக்கிக்கு அந்தக் கழகத்தோடு ஒரு சோலியும் கிடையாது. அவர் வீடு நைலின் மேற்குக் கரையில். கழகம் கிழக்குக் கரையில். வெள்ளிக்கிழமைதோறும் அக்கரையில் வெள்ளையாக என்னவோ ஆடுவதைப் பார்த்திருக்கிறார். யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

அன்று அவர் மகள் நவாராவுக்கு நிக்காஹ். வெள்ளிக்கிழமை மதியத்து ஜும்ஆ தொழுகைக்கும் பிற்பகல் அசர் தொழுகைக்கும் நடுவில், மேற்குக் கரையின் ஆற்றோரப் பள்ளிவாசலில். இஸ்திரிக்குக் கொடுத்த கோட்டும் கால்சட்டையும் கிழக்குக் கரையில் கிடந்ததால் காலையிலேயே படகேறிப் போனார். கடைக்காரன் லேசில் கொடுக்கவில்லை. அங்கேயே ஜும்ஆ தொழுது, கோட்டை மாட்டிக்கொண்டு துறைக்கு வந்தால் துறை வெறிச்சென்று கிடந்தது. ஆட்களை ஏற்றும் இரும்புப் படகு அக்கரையில் சங்கிலி போட்டு நின்றது. மீன்பிடிக்கிறவர்களின் தோணிகளைக்கூடக் காணோம். பாலம் வழியாகச் சுற்றிப் போனால் அசர் மட்டுமல்ல, அந்தி மஃரிபும் போய்விடும்.

கோட்டுப் பையில் போன் அடித்தது. அண்ணன் ஷஹாத்தா.

"எங்கடா இருக்க?"

"கிழக்குத் துறையில. படகு அந்தப் பக்கமே நிக்குதுண்ணே."

"ஆத்தை மூடிட்டாங்களாம். பாய்மரப் போட்டியாம். நீ ஒண்ணும் கவலைப்படாத. காஜியாருக்கு அசருக்கப்புறம் வேற ஊர்ல நிக்காஹ் இருக்காம், நிக்க முடியாதுங்கறாரு. அதனால என்ன, நான் இருக்கேன்ல. பொண்ணோட பெரியப்பன் கையும் கைதான்."

பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையும் வலது கையைக் கோத்துக்கொள்ள, கட்டைவிரலோடு கட்டைவிரல் அழுத்தி நிற்க, மேலே வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்திக் காஜியார் ஓத வேண்டும். தகப்பன் வராவிட்டால் பெரியப்பன் கை. ஷஹாத்தா எப்படிப்பட்டவர் என்றால், தஸூக்கி வீட்டுக்குக் கல் பார்த்துக் கொடுத்தது நான், தஸூக்கி எருமைக்குப் பல் பார்த்துக் கொடுத்தது நான் என்று சாயாக்கடை சாயாக்கடையாகச் சொல்லித் திரிகிறவர். நவாராவைக் கைப்பிடித்துக் கொடுத்ததும் நான்தான் என்று இனி சாகும்வரை சொல்லுவார். அது பொய்யாகவும் இருக்காது. அதுதான் கொடுமை.

"அண்ணே, கையை நீட்டிராத. நான் வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கழக வாசலுக்கு நடந்தார்.

காவலாளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அட்மிரல் மாதிரி உட்கார்ந்திருந்தான். உள்ளே படகுத் துறையில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன.

"தம்பி, இதுல ஒண்ணுல என்னை ஏத்தி அக்கரையில விட்டுடச் சொல்லு. அதோ மினாரா தெரியுதுல்ல, அங்கதான்."

"இந்தப் படகுங்க அக்கரைக்குப் போறதுக்கு இல்ல ஹாஜி."

"பின்ன எதுக்கு?"

"பாய் விடறதுக்கு."

"பாய் விட்டு?"

"திரும்பி வந்துருவாங்க."

தஸூக்கி கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"துறையை மூடப்போறோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நோட்டீஸ் ஒட்டியிருக்கே."

"எங்க?"

"உள்ள. மெம்பருங்க சாப்பிடற இடத்துல."

"மெம்பருங்க அந்த இரும்புப் படகுல போறாங்களா?"

"சே. அவங்க ஏன் அதுல போறாங்க."

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கமடோர் இஸ்மத் பே வந்தார். கமடோர் என்றால் கழகத் தலைவர். ஏதோ ஒரு அலுவலகத்தில் ஆயுள் முழுக்க நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றில் இறங்கினால் அவருக்குத் தலை சுற்றும் என்பதால் கரையிலிருந்தே ஆற்றை ஆண்டு வந்தார். ஒலிபெருக்கி ஒன்று கழுத்தில் தொங்கியது. கூடவே கேப்டன் லுத்ஃபி. இவர் பல் டாக்டர். அந்தக் கழகத்தில் கேப்டன் இல்லாதவர் காவலாளி ஒருவன்தான். அவனையும் வெளியே கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

கமடோர் தஸூக்கியை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் பார்த்தார்.

"உங்க எடை என்ன இருக்கும்?"

தஸூக்கி தன்னைத் தவிர வேறு யாரையாவது கேட்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தார்.

"உங்களைத்தான் பெரியவரே. வண்டி டயர் மாதிரி நல்லா இருக்கீங்க."

"தராசுல ஏறினதில்ல ஐயா. ஏன்?"

விஷயம் இதுதான். பாய்மரப் படகு காற்றில் ஒரு பக்கம் சாயும். மறு விளிம்பில் ஓர் ஆள் உட்கார்ந்து முதுகை வெளியே தள்ளிச் சாய்ந்தால் படகு நிமிரும். லுத்ஃபியின் படகில் அப்படிச் சாய வேண்டிய ஆள் மச்சினன் வந்துவிட்டான் என்று வீட்டில் தங்கிவிட்டார். படிப்பு, பயிற்சி, பரம்பரை எதுவுமே கேட்காத ஒரே ஒரு பதவி அந்தக் கழகத்தில் இருந்தது. கனம். அதற்குத் தஸூக்கி எல்லா வகையிலும் பொருத்தமாக இருந்தார்.

"படகு அக்கரைப் பக்கம் போகுமா?" என்றார் தஸூக்கி.

"போகுமாவா? அந்தப் பள்ளிவாசல் படிக்கட்டுக்கிட்டதானே நம்ம மிதவையே இருக்கு" என்றார் லுத்ஃபி.

"ஏறிக்கறேன்" என்றார் தஸூக்கி. போய் என்ன செய்யும் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. படகு அக்கரைக்குப் போனால் ஆள் இறங்குவான் என்று நினைக்கிற சாதாரண மனிதர்.

உடனே ஏறிவிட முடியவில்லை. கறுப்புச் செருப்போடு படகில் கால் வைக்கக் கூடாது என்று யாருடையதோ வெள்ளைச் சப்பாத்தைக் கொடுத்தார்கள். முன்பாதி நுழைந்தது. பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் கேப்டன் நாகி மிதவைச் சட்டையோடு வந்தார். அவரிடமிருந்த பெரிய அளவுச் சட்டைகளை எலி கடித்துவிட்டிருந்தது. பிள்ளைகள் போடுவதுதான் பாக்கி. அதைக் கோட்டுக்கு மேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்.

"இது என்னைத் தாங்குமா கேப்டன்?"

"தாங்கறது முக்கியமில்ல. போட்டிருக்கீங்களா இல்லையாங்கறதுதான் விதி" என்றார் நாகி. அவர் மீட்புப் பிரிவுத் தலைவர். கழகம் தொடங்கிய நாள் முதல் ஒருவரையும் மீட்டதில்லை. அந்தக் கவலையில் முகம் ஒரு மாதிரி வாடியிருந்தது.

பிறகு கொடி. கொடி ஏறாமல் பாய் ஏறக் கூடாதாம். காவலாளி கயிற்றை இழுத்தான். கொடி பாதிக் கம்பத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"அரைக் கம்பத்துல நின்னா துக்கம்னு அர்த்தம்" என்றார் கமடோர். "துக்கம்னா மௌன அஞ்சலி செலுத்தணும். விதி."

"யாருக்கு?" என்றார் நாகி.

அதுதான் சிக்கல். கொடி அரைக் கம்பத்தில் நிற்கிறது, செத்தவர் யாரும் இல்லை. ஆலோசித்தார்கள். கடைசியாக, கொஞ்ச நாளாகக் கூட்டங்களுக்கு வராத இன்ஜினியர் ஹில்மிக்கு அஞ்சலி என்று முடிவானது. பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார்.

"நான் இன்னைக்கு வந்திருக்கேன்" என்றார் ஹில்மி.

"ஒரு நிமிஷம்தான் ஹில்மி. பொறுத்துக்கோ" என்றார் கமடோர்.

ஹில்மி தொப்பியைக் கழற்றி, மற்றவர்களோடு தலையைக் குனிந்து தனக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டார். பக்கத்தில் நின்றவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

தஸூக்கியின் போன் அடித்தது. மௌனம் கலைந்துவிட்டதால் மறுபடி முதலிலிருந்து நின்றார்கள்.

அப்புறம் கமடோர் ஒலிபெருக்கியை வாயில் வைத்தார்.

"கேப்டன்களே, இந்த நைல் நம்ம கழகத்துக்கு முன்னாடியும் இருந்துச்சு. நான் மறுக்கல. ஆனா சும்மா கிடந்துச்சு. குடிச்சாங்க, வயலுக்குப் பாய்ச்சினாங்க, எருமையைக் குளிப்பாட்டினாங்க. ஒரு குறிக்கோள் இல்ல. அந்த இரும்புப் படகைப் பாருங்க. அதுல போறவனுக்கு அக்கரையில ஒரு வேலை இருக்கு, அதனால போறான். இதுல என்ன பெருமை? ஆடு மாடுகூட வேலை இருந்தா போகும். ஒரு வேலையும் இல்லாம அக்கரை வரைக்கும் போய், காலை வைக்காம திரும்பி வர மனுஷனாலதான் முடியும். அதுக்குப் பேர்தான் நாகரிகம். நம்ம கழகத்துல போன வருஷம் ஒரு விபத்தும் இல்ல. போன வருஷம் ஒரு படகும் இறங்கலங்கறது வேற விஷயம். இந்த வருஷமும் அதே பெயரைக் காப்பாத்தணும்னு கேட்டுக்கறேன்."

கை தட்டினார்கள். தஸூக்கியும் தட்டினார். அப்படியாவது முடியட்டும் என்றுதான்.

இத்தனைக்கும் பிறகு ஆற்றில் இறங்கியவை மூன்று படகுகள். மற்றவற்றில் ஒன்றுக்கு அடிப்பலகை இல்லை, ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது, மற்ற கேப்டன்கள் சாப்பாடு ஆறிவிடும் என்று விலகிக்கொண்டார்கள். போட்டி என்னவென்றால் மேற்கு மிதவையைச் சுற்றிக் கழகத்து மிதவைக்கு வர வேண்டும், மறுபடி மேற்கு, மறுபடி கிழக்கு. கமடோர் போதும் என்று சொல்லும்வரை.

வடகாற்று பாயில் நிறைந்ததும் படகு சாய்ந்தது. தஸூக்கி விளிம்பில் உட்கார்ந்து முதுகை ஆற்றுக்குக் கொடுத்துச் சாய்ந்தார். இஸ்திரி போட்ட கோட்டின் பின்பக்கம் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வந்தது. ஆனாலும் மினாரா பெரிதாகிக்கொண்டே வந்தது. படிக்கட்டில் நிற்கிறவர்கள் தெரிந்தார்கள். புது ஜிப்பாவில், கையில் தஸ்பீஹ் மணிமாலையோடு அண்ணன் ஷஹாத்தா. மாப்பிள்ளை கரம். கரம் நல்ல பையன், மோட்டார் மெக்கானிக், கழுத்துப்பட்டை இறுக்கிக்கொண்டிருந்ததால் யாரையோ கொன்றுவிட்டு வந்தவன் மாதிரி முழித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வந்துட்டேன்" என்று கத்தினார் தஸூக்கி.

"அட, படகுல வர்றான் பாரு. இறங்குடா" என்றார் ஷஹாத்தா.

"பேசாதீங்க" என்றார் லுத்ஃபி. "கரையில இருக்கறவங்களோட பேசினா வெளியுதவி வாங்கினதா ஆயிடும். வாயைத் திறக்காதீங்க." ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவர் இதைச் சொன்னார்.

"டாக்டரய்யா, கொஞ்சம் ஓரமா ஒதுக்குங்க. நான் ஒரே தாவு."

"ஓரமாவா? கரையில படகு தொட்டா தகுதி நீக்கம்."

"நான் இறங்கிட்டு நீங்க போங்க."

"கனம் குறைஞ்சாலும் தகுதி நீக்கம். எத்தனை கனத்தோட கிளம்பினோமோ அத்தனை கனத்தோட திரும்பணும். குனிங்க."

பாய்க்கட்டை தலைக்கு மேலே போனது. மிதவையைச் சுற்றிப் படகு திரும்பியது. தஸூக்கியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பள்ளிவாசல் படிக்கட்டு மறுபடி சின்னதாகிக்கொண்டே போனது. ஷஹாத்தா கையை உதறிக் காட்டிக் காஜியார் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று தஸூக்கிக்குக் கேட்காமலே தெரியும். "அவன் எப்பவுமே இப்படித்தான்."

"என் பொண்ணோட நிக்காஹ் டாக்டரய்யா" என்றார்.

"அல்லாஹ் பரக்கத் பண்ணட்டும். இன்னும் கொஞ்சம் பின்னால சாயுங்க. இந்தப் போட்டியில நான் ஒரு தடவைகூட முழுசா முடிச்சதில்ல. இன்னைக்கு மூணாவதா வர்றோம்."

"மொத்தமே மூணு படகுதான்."

"அதுல மூணாவது. கோப்பை உண்டு."

கிழக்கு மிதவையில் ஒலிபெருக்கி, "கேப்டன் லுத்ஃபியின் கனம் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும்" என்று அறிவித்தது. பாய் திரும்பியது. மறுபடி மேற்கு. இந்த முறை படிக்கட்டில் நவாராவே நின்றாள். வெள்ளைப் பாவாடையை இரண்டு கையாலும் முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிப் படிக்கு வந்திருந்தாள். மணப்பெண் இப்படி நிற்கலாமா என்று பின்னாலிருந்து பெண்கள் இழுத்தார்கள். அவள் அசையவில்லை.

"அப்பா, என்ன பண்றீங்க அங்க?"

"கனமா இருக்கேன்மா" என்றார் தஸூக்கி.

"காஜியார் செருப்பை மாட்டிட்டாரு. பெரியப்பா கையை நீட்டியே வச்சிருக்காரு. இறங்கி வாங்கப்பா."

"குனிங்க" என்றார் லுத்ஃபி.

தஸூக்கி குனியவில்லை. விளிம்பிலிருந்து அப்படியே பின்னால் சாய்ந்தார், நிமிரவில்லை. தண்ணீரில் விழுந்த சத்தம் பள்ளிவாசல் புறாக்களைக் கிளப்பிவிட்டது. காலை ஊன்றினார். இடுப்பளவுத் தண்ணீர். போன் போயிற்று, தலையிலிருந்த தொழுகைத் தொப்பி போயிற்று, யாருடையதோ சப்பாத்தில் ஒன்று போயிற்று. படிக்கட்டை ஒரு கையால் பிடித்துவிட்டார்.

கனம் போன படகு அந்த நொடியே கவிழ்ந்தது. லுத்ஃபி மிதவைக்குப் பக்கத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டிக் கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தார். மிதவையைத் தொட்டால் தகுதி நீக்கம் என்பதால் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், காலை ஊனுங்க. தரை இருக்கு" என்றார் ஷஹாத்தா.

லுத்ஃபி எழுந்து நின்றார். தண்ணீர் அவருக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. "இது வெளியுதவி" என்றார் அழமாட்டாத குறையாக. "ஏன் சொன்னீங்க?"

இதற்குள் கழகத்துப் பக்கம் சங்கு ஊதியது. ஆள் தண்ணீரில். மீட்புப் பிரிவின் மோட்டார் படகு, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்த நாளெல்லாம் கிளம்பாதது, அன்றைக்கென்று பார்த்து முதல் இழுப்பிலேயே கிளம்பிவிட்டது. கேப்டன் நாகி நின்றுகொண்டே வந்தார். முகத்தில் வாட்டமெல்லாம் போய்ப் புதுமாப்பிள்ளைக் களை. கையில் கொக்கி வைத்த நீளக் கழி.

தஸூக்கி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். கரம் குனிந்து கையை நீட்டினான். கொக்கி வந்து கோட்டுக் காலரில் விழுந்தது.

"விடுங்க கேப்டன். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"முழுகறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் நாகி. "புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

"நான் நிக்கறேன்யா. படிக்கட்டுல நிக்கறேன். பாருங்க."

"பதட்டத்துல அப்படித் தெரியும்."

"யோவ், அவரு என் மாமனார்" என்றான் கரம்.

"நெருங்கின சொந்தம் தள்ளி நிக்கணும். மீட்பு நடக்குது" என்றார் நாகி.

தஸூக்கி திமிறினார். திமிறினால் இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றும் அந்தப் புத்தகத்தில் இருந்ததாம். பஞ்சர் ஒட்டுகிற கைதான், ஆனால் காலரில் கொக்கி போட்டு இழுத்தால் யாராயிருந்தாலும் பின்னால்தான் போக வேண்டும். தூக்கி உள்ளே போட்டு, ஒரு போர்வையைச் சுற்றி, மார்பில் ஏறி உட்கார்ந்து தண்ணீரை வெளியேற்றப் பார்த்தார் நாகி. தண்ணீர் வரவில்லை. கெட்ட வார்த்தைதான் வந்தது.

"மூச்சு இருக்கு" என்று கழகத்தைப் பார்த்துக் கையசைத்தார் நாகி. அக்கரையில் கைதட்டல் கேட்டது.

"என்னையும் ஏத்திக்கோங்க கேப்டன்" என்றார் இடுப்பளவுத் தண்ணீரில் லுத்ஃபி.

"வரிசைப்படிதான். முதல்ல இவரு."

மோட்டார் படகு கிழக்கே திரும்பியது. ஒலிபெருக்கி ஆற்றின் மேல் உருண்டு வந்தது. நஸீம் கழக வரலாற்றில் முதல் மீட்பு, மீட்கப்பட்டவர் மேடைக்கு அழைத்துவரப்படுவார், அவர் சார்பில் கமடோர் நன்றியுரை ஆற்றுவார். தஸூக்கி போர்வைக்குள்ளிருந்து மினாராவைப் பார்த்தார். இரண்டாவது முறையாக அது சின்னதாகிக்கொண்டிருந்தது.

நடு ஆற்றில் மோட்டார் இரண்டு முறை இருமியது. அப்புறம் பேசவில்லை. நாகி கயிற்றை இழுத்தார், இழுத்தார், கையில் கயிறு மட்டும் வந்தது. நீரோட்டம் படகை வடக்கே தள்ளியது. காற்று தெற்கே தள்ளியது. இரண்டும் சமமாக இருந்ததால் படகு எங்கேயும் போகாமல் ஆட்டுக்கல் குழவி மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது.

"இப்ப நம்மளை யாரு மீட்பாங்க?" என்றார் தஸூக்கி.

"மீட்புப் பிரிவு" என்றார் நாகி.

மேற்குத் துறையில் என்ன நடந்தது என்பதைப் பிறகு ஊரே சொன்னது. நவாரா பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடியே நேராக இரும்புப் படகில் போய் ஏறினாளாம். காவலுக்கு நின்ற ஆற்றுப் போலீஸ்காரர் குறுக்கே வந்தாராம்.

"ஆத்தை மூடியிருக்கும்மா."

"யாரு மூடினா?"

"கழகத்துல கேட்டாங்க. மூடியாச்சு."

"என்னைக் கேட்டாங்களா? புடிக்கணும்னா புடிங்க மாமா. கல்யாணப் பொண்ணை ஆறு தாண்டினதுக்காகப் புடிச்சேன்னு உங்க வீட்டுல போய்ச் சொல்லுங்க. அத்தை சோறு போடறாங்களான்னு பாக்கறேன்."

போலீஸ்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு திரும்பி நின்று, துறையோரத்துப் பேரீச்சை மரத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார். அந்த மரத்தில் அன்று பார்க்க ஒன்றுமே இல்லை.

படகோட்டி சங்கிலியை அவிழ்த்தான். கரம் ஏறினான். ஷஹாத்தா, நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், ஏறினார். காஜியார் மட்டும் படியில் தயங்கினார்.

"தண்ணியில வச்சு நிக்காஹ் கூடுமா ஹஜ்ரத்?" என்றாள் நவாரா.

"அசருக்கு முன்னாடி முடியணும், அவ்வளவுதான் என் கவலை" என்று சொல்லிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவரும் ஏறினார். மற்ற ஆண்கள் தண்ணீருக்குப் பயந்து கரையிலேயே நின்றுவிட்டார்கள். பெண்கள் ஏறிவிட்டார்கள். கோழிக்கூடையோடு காலையிலிருந்து காத்திருந்த ஒரு கிழவியும் ஏறினாள்.

இரும்புப் படகு டுபு டுபு என்று நடு ஆற்றுக்கு வந்தது. "இயந்திரப் படகே, போட்டித் தடத்தை விட்டு விலகு" என்றது ஒலிபெருக்கி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரமும் படகோட்டியும் தஸூக்கியின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினார்கள்.

"இவரைக் கழகத்துலதான் ஒப்படைக்கணும்" என்றார் நாகி, போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு. "மீட்டவங்களை அப்படி வழியில கொடுக்க முடியாது."

"அப்ப நீயும் ஏறு. ஒண்ணா ஒப்படைக்கலாம்" என்றான் படகோட்டி. நாகியும் ஏறினார். செத்துப் போன மோட்டார் படகைப் பின்னால் கட்டினார்கள்.

தஸூக்கி நின்ற இடமெல்லாம் தண்ணீர். கோட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு காலில் வெள்ளைச் சப்பாத்து, மறு கால் வெறும் கால். மார்பில் பிள்ளைகளின் மிதவைச் சட்டை. நவாரா அவரை ஒரு முறை முழுசாகப் பார்த்துவிட்டு முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்கினாள். அடக்க முடியவில்லை. பிறகு அழுதாள். அப்புறம் கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து அந்தச் சட்டையைக் கழற்றிப் போட்டாள்.

"சாட்சி ரெண்டு பேர் வேணும்" என்றார் காஜியார். "ஷஹாத்தா ஒருத்தர். இன்னொருத்தர்?"

படகோட்டியின் கை சுக்கானில் இருந்தது. மற்றதெல்லாம் பெண்கள். எல்லோரும் நாகியைப் பார்த்தார்கள்.

"பேர்?" என்றார் காஜியார்.

"கேப்டன் நாகி."

"கேப்டன்னு உன்னோட வாப்பா வச்சாரா?"

"இல்ல. நாகி மட்டும்."

"தொழில்?"

"மீட்புப் பிரிவுத் தலைவர்."

"அது வெள்ளிக்கிழமைக்கு. மத்த நாள்ல சோத்துக்கு என்ன பண்றே? அல்லாஹ்வுக்கு முன்னாடி சாட்சி சொல்ற எடம். சரியாச் சொல்லு."

நாகி பின்னால் கட்டி இழுபட்டு வரும் படகைப் பார்த்தார். கழகத்தைப் பார்த்தார். ஒலிபெருக்கி இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது.

"குளியலறை டைல்ஸ் விக்கறேன் ஹஜ்ரத்" என்றார் மெதுவாக. "கக்கூஸ் பீங்கானும்."

"நல்ல தொழில். எல்லாருக்கும் வேணும்" என்றார் காஜியார். "கையைக் கொடுங்க தஸூக்கி."

ஷஹாத்தா தன் கையைப் பார்த்தார். பிறகு அதை ஜிப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டார். "கொடுடா" என்றார் தம்பியிடம். "கைய முதல்ல துடை. நாத்தம் அடிக்குது."

துடைக்க ஈரமில்லாத துணி எதுவும் தஸூக்கியிடம் இல்லை. கரம் அப்படியே பிடித்துக்கொண்டான். கட்டைவிரலோடு கட்டைவிரல். ஒன்றில் கிரீஸ் போகாத கறுப்பு, ஒன்றில் டயர் பசை போகாத கறுப்பு. காஜியார் மேலே போட்ட கைக்குட்டை அந்தக் கணமே நனைந்து ஒட்டிக்கொண்டதால், மூடியும் இரண்டு கையும் அப்படியே தெரிந்தன. தஸூக்கி சொல்லி முடித்தார், என் மகள் நவாராவை உனக்குக் கொடுத்தேன் என்று. கரம் ஏற்றேன் என்றான். கோழிக்கூடைக் கிழவிதான் முதலில் குலவையிட்டாள். அப்புறம் எல்லாப் பெண்களும். ஒலிபெருக்கி அதில் அமுங்கிப் போயிற்று.

படகோட்டி சுக்கானைப் பிடித்தபடி கேட்டான், "இப்ப எந்தப் பக்கம் விடட்டும்? கேப்டனை அந்தக் கரையில இறக்கணுமா?"

கழகத்துப் பக்கம் மேடை போட்டுக் காத்திருந்தார்கள். கமடோர் கையில் ஒரு காகிதத்தோடு நிற்பது தெரிந்தது. மேற்கே பள்ளிவாசல் முற்றத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய ஆட்டுக்கறியின் வாசம் காற்றில் வந்தது.

நாகி தொப்பியைக் கழற்றினார். நான்காக மடித்துக் கால்சட்டைப் பையில் திணித்தார்.

"நான் பொண்ணு வீட்டுப் பக்கம்" என்றார்.